உமிக்கு அடியில் ஐஸ்: டக்டோயாக்டக் நாட்குறிப்பு

முதல் நாள், ஜூலை 10, இனுவிக்

விமானப் படியில் இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் செல்வம் கேட்டான்: “அத்தான், ஐஸ் எங்க?”

கேட்க அவனுக்கு உரிமை உண்டு. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்கு ஐஸ் கம்பெனி இருக்கிறது. விசைப்படகுகளுக்கு ஐஸ் பார் போடுகிறார்கள். பிறந்ததில் இருந்து ஐஸோடு வளர்ந்தவன், கம்ப்ரசர் இல்லாமல் தானாக உறைந்த ஐஸை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அக்கா வீட்டுக்கு எட்மன்டன் வந்திருந்தவனை, “வா மாப்ள, ஆர்க்டிக் கடலையே பார்த்துட்டு வந்துடலாம்” என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் மனைவி மட்டும் வரவில்லை. கொசு பிடுங்கும் என்றாள். இறங்கிய பத்தாவது நிமிடத்தில் அவள் புத்திசாலி என்று தெரிந்துபோனது.

வடமேற்குக் கனடாவில் இருக்கும் இந்த இனுவிக்கில் இன்று 27 டிகிரி. செல்வத்தின் பெட்டியில் இரண்டு செட் தெர்மல் உடை, குரங்குக் குல்லா, கம்பளிக் கையுறை. உடம்பில் வேர்வை.

எட்மன்டனில் இருந்து யெல்லோநைஃப், நார்மன் வெல்ஸ் என்று நின்று நின்று வரும் விமானம் இது. கடைசி அரை மணி நேரம் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கீழே மெக்கன்சி ஆற்றின் டெல்டா. இட்லித் தட்டு மாதிரி நிலம் முழுக்கக் குழி குழியாகக் குளங்கள், நடுவில் பாம்பு பாம்பாக வாய்க்கால்கள். நிலத்தில் குளம் இருக்கிறதா, குளத்தில் நிலம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் வந்துவிட்டோம்.

இப்போது இரவு ஒரு மணி. வெயில் அடிக்கிறது. சாயங்கால நாலரை மணி வெயில் மாதிரி, மஞ்சளாக, சாய்வாக. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். இனுவிக்கில் கோடையில் ஐம்பது நாளுக்கு மேல் சூரியன் மறைவதே இல்லை. எங்கள் அறை ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதன் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் வழியாக வரும் வெயில் சரியாக என் கண்ணில் விழுகிறது. தூங்கினமாதிரிதான்.

இரண்டாம் நாள், ஜூலை 11, இனுவிக்

எட்மன்டன் வருவதற்கு முன் சென்னையில் எட்டு வருஷம் பைல், அதாவது கட்டிடத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் அஸ்திவாரத் தூண், போடும் வேலை பார்த்தவன் நான். பள்ளிக்கரணைப் பக்கத்துச் சேற்றில் எத்தனையோ துளை போட்டிருக்கிறோம். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தை விட அஸ்திவாரத்தைத்தான் என் கண் முதலில் தேடும். இந்தப் பழக்கத்துக்கு இனுவிக் மாதிரி ஒரு ஊர் கிடையாது. அஸ்திவாரம் மொத்தமும் வெளியில்தான் இருக்கிறது.

கட்டிடங்கள் தரையில் உட்காரவில்லை. ஆள் குனிந்து போகிற உயரத்துக்குக் கால் ஊன்றி நிற்கின்றன. காரணம் கீழே இருக்கும் நிலம். வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கிற மண் அது. கோடையில் மேலே கொஞ்சம் மட்டும் இளகும், அதற்குக் கீழே கல் மாதிரி. வீட்டை நேராகத் தரையில் கட்டினால் வீட்டின் சூடே மண்ணை உருக்கிவிடும். மண் உருகினால் சேறு, சேற்றில் வீடு. அதனால் வீட்டுக்கும் தரைக்கும் நடுவில் காற்று போக இடம் விட்டிருக்கிறார்கள்.

பைல் போட்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. ஊரைக் கட்டிய 1950-களில் நீராவியைச் செலுத்தி உறைந்த மண்ணை இளக்கிக் குழி செய்து, மரக் கம்பத்தை இறக்கி, பேசாமல் விட்டுவிட்டார்களாம். சுற்றியுள்ள மண் மறுபடி உறைந்து கம்பத்தைக் கவ்விக்கொண்டது. காங்கிரீட் கிடையாது, கம்பி கட்டுகிற வேலை கிடையாது. குளிர்தான் சிமென்ட். சென்னையில் பாறை தட்டும் வரை இறக்கு இறக்கு என்று கத்திக்கொண்டிருப்போம். இங்கே பாறைக்கு வேலையே இல்லை.

குடிதண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் மண்ணுக்குள் புதைக்க முடியாது. அதனால் தகரப் பெட்டிக்குள் வைத்துத் தரைக்கு மேலே வீடு வீடாகக் கொண்டுபோகிறார்கள். யூட்டிலிடார் என்று பெயர். கொல்லைப்புறம் முழுக்க நீளமான பெட்டிகள். அதற்கு மேல் பலகை போட்டு ஏறி இறங்க அங்கங்கே படி. செல்வம் அதில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “யாரோ குளிக்கிறாங்க அத்தான்” என்றான்.

இந்த ஊரே ஒரு மாற்று ஊர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்லாவிக் என்று ஒரு ஊர் வெள்ளத்திலும் கரை அரிப்பிலும் தவித்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருவதற்காக அரசாங்கம் 1955-இல் இங்கே வேலையைத் தொடங்கியது. அக்லாவிக்காரர்களில் பலர் வர மறுத்துவிட்டார்கள். அந்த ஊர் இன்றும் இருக்கிறது. ‘சாவோம் என்று சொல்லவே மாட்டோம்’ என்பதுதான் அவர்களுடைய வாசகம். இப்போது இரண்டு ஊரும் இருக்கின்றன, செலவும் இரட்டை. நம் ஊர்ப் புறநகர்க் குடியிருப்புத் திட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

மத்தியானம் இக்லூ வடிவத் தேவாலயத்தைப் பார்த்தோம். 1958-இல் தொடங்கி 1960-இல் முடித்தது. வரைந்தவர் மொரீஸ் லாரோக் என்ற சகோதரர். கட்டிடக்கலை படித்தவர் இல்லை, தச்சர். இது காலில் நிற்கவில்லை. சரளைப் படுகை மேல் கிண்ணம் மாதிரி ஒரு காங்கிரீட் தளத்தைப் போட்டு அதில் உட்கார வைத்திருக்கிறார். படிக்காத தச்சருக்கு இந்த யோசனை வந்திருக்கிறது என்று நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். செல்வம் உள்ளே போய் மண்டியிட்டு ஜெபம் சொல்லிவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு பள்ளிவாசல். சின்னது, மரத்தில் ஆனது, பக்கத்தில் குட்டியாக ஒரு மினாரா. 2010-இல் வின்னிபெக்கில் கட்டிய கட்டிடத்தை லாரியிலும் ஆற்றுத் தெப்பத்திலும் ஏற்றி நாலாயிரம் கிலோமீட்டர் கொண்டுவந்து வைத்தார்களாம். இங்கே டாக்ஸி ஓட்டுகிறவர்களில் சூடானில் இருந்தும் மத்தியக் கிழக்கில் இருந்தும் வந்தவர்கள் உண்டு. சூரியன் மறையாத ஊரில் மஃரிப் தொழுகை எப்போது என்று எங்களை ஏற்றி வந்த டாக்ஸிக்காரரிடம் கேட்டேன். தெற்கே இருக்கும் ஒரு ஊரின் நேரத்தை வைத்துக்கொள்வோம் என்றார். சரி, நல்ல ஏற்பாடு.

மூன்றாம் நாள், ஜூலை 12, சாலையில்

இனுவிக்கில் இருந்து டக்டோயாக்டக் போகும் சாலை, சுமார் 140 கிலோமீட்டர், 2017 நவம்பர் 15-ஆம் தேதி திறந்தது. கனடாவில் பொதுச் சாலை வழியாக ஆர்க்டிக் கடலுக்கு வருஷம் முழுக்கப் போக முடிந்தது அன்றிலிருந்துதான். அதற்கு முன் கோடையில் படகு அல்லது விமானம். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மீதும் கடலின் மீதும் லாரி ஓடும். 187 கிலோமீட்டர் ஐஸ் ரோடு. அது 2017 வசந்தத்தோடு முடிந்தது.

வாடகைக்கு ஒரு பிக்கப் எடுத்தோம். எங்கே எடுத்தோம் என்று எழுதப்போவதில்லை. வழியில் பெட்ரோல் பங்க் இல்லை, கடை இல்லை, போன் சிக்னல் இல்லை. இரண்டு ஸ்டெப்னி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்றில் காற்று இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அது என் தப்பு.

முதல் ஐம்பது கிலோமீட்டரில் மரங்கள் விடைபெறுகின்றன. ஸ்ப்ரூஸ் மரங்கள் முதலில் ஆள் உயரமாகின்றன, அப்புறம் இடுப்பு உயரம். கீழே மண் உருகி உருகி உறைவதால் சில மரங்கள் டாஸ்மாக் வாசலில் நிற்பவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. கடைசியாக ஒரு பள்ளத்தில் நாலைந்து மரம் ஒண்டிக்கொண்டு நின்றது. அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. தூந்திரா.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘பாசியும் மரப்பாசியும் வளரும் குளிர்ப் பாலைவனம்’ என்று மனப்பாடம் செய்த சொல். நேரில் பார்த்தால் பச்சை, பச்சை, கண்ணுக்கெட்டும் தூரம் பச்சை. அலையாக ஏறி இறங்கும் மேடுகள், நடுவில் கண்ணாடித் துண்டுகளாக ஏரிகள், ஏரிக்கரையில் ஜோடி ஜோடியாக அன்னங்கள். சில சரிவுகள் முழுக்கப் பருத்திப் புல் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது, இலவம் பஞ்சு மெத்தையைக் கிழித்துக் கொட்டினது போல.

எண்பதாவது கிலோமீட்டரில் பின் டயர் போனது.

சாலை ஓரத்தில் ஜாக்கி வைத்தேன். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் சரளைக்குள் இறங்கியது. பலகை தேடினோம். மரமே இல்லாத நாட்டில் பலகைக்கு எங்கே போவது? கடைசியில் செல்வத்தின் பெட்டியைக் காலி செய்து அதன் அடிப்பலகையைப் பிடுங்கி வைத்தோம். கொசு என்று இங்கே சொல்வது வேறு ஒரு ஜாதி. முகத்தில் வலைத்தொப்பி போட்டிருந்தோம். கையுறை போட்டால் நட்டு பிடிக்கவில்லை, கழற்றினால் கை முழுக்கக் கறுப்பாக உட்கார்ந்துவிடும். முதல் ஸ்டெப்னியை மாட்டி இறக்கினால், காற்று இல்லை.

இதற்குள் மூன்று வண்டி நின்றுவிட்டது. இந்தச் சாலையில் யாரும் யாரையும் தாண்டிப் போவதில்லை போல. ஒருவர் தன் வண்டியில் இருந்து பெரிய ஜாக்கியை எடுத்து வந்தார், பேச்சே இல்லாமல் வேலையை முடித்தார். என்ன கொடுக்க என்று கேட்டதற்கு, “டக்டோயாக்டக்கில் மெதுவாக ஓட்டு, பிள்ளைகள் நடுரோட்டில் விளையாடும்” என்றார்.

காத்திருந்த நேரத்தில் செல்வம் சாலை விளிம்பில் இறங்கிப் பாசியைக் கையால் விலக்கிப் பார்த்திருக்கிறான். மேலே மெத்தென்ற பாசி, அதற்குக் கீழே கறுப்பாக ஈர மண். முழங்கை வரை கையை விட்டவன் கூப்பிட்டான்: “அத்தான், அடியில கல்லு மாதிரி தட்டுது. ஜில்லுனு இருக்கு.” ஐஸ் எங்கே என்ற கேள்விக்கு மூன்றாம் நாள் பதில் கிடைத்தது. மேலே 20 டிகிரி வெயில்.

இந்தச் சாலையை எப்படிப் போட்டார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். சாதாரணமாக ரோடு போட முதலில் மேல் மண்ணை வழித்து எடுப்போம். இங்கே பாசியைத் தொடவே கூடாது. 2014-இல் தொடங்கி, பெரும்பாலும் குளிர்காலத்தில், நிலம் இறுகிக் கிடக்கும்போது, பாசியின் மேலேயே துணி விரித்து, அதன் மேல் ஆள் உயரத்துக்குச் சரளையைக் கொட்டிக்கொண்டே போனார்கள். வெட்டுவது கிடையாது, கொட்டுவது மட்டும்தான்.

அவன் கொஞ்சம் யோசித்தான். “உமிதான் அத்தான்.” எனக்குப் புரியவில்லை. “ஐஸ் பாரை அடுக்கி மேல உமி கொட்டி வைப்போம்லா? உமி இருந்தா வெயில்லயும் தாங்கும். உமிய வழிச்சுட்டா ஒரு மணி நேரத்துல தண்ணி. இந்தப் பாசி உமி.”

எட்டு வருஷ அஸ்திவார அனுபவத்தில் இவ்வளவு சுருக்கமாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை.

நான்காம் நாள், ஜூலை 13, டக்டோயாக்டக்

கடல் வந்தவுடன் வெப்பம் 8 டிகிரிக்கு இறங்கிவிட்டது. செல்வம் குரங்குக் குல்லாவை ஒரு வெற்றியோடு மாட்டிக்கொண்டான்.

ஊர், கடலுக்குள் நீட்டிய ஒரு விரல். 2021 கணக்கெடுப்பில் 937 பேர். பெரும்பாலும் இனுவியாலுயிட் மக்கள், மேற்கு ஆர்க்டிக்கின் இனுயிட். எல்லோரும் ‘டக்’ என்றுதான் சொல்கிறார்கள். முழுப் பெயருக்கு ‘காரிபூ மாதிரி தெரிவது’ என்று அர்த்தம். கடலுக்குள் இறங்கிய காரிபூ மான்களை ஒரு பெண் பார்த்தாள், அவை கல்லாகிவிட்டன என்பது கதை. தண்ணீர் வற்றும்போது அந்தக் கற்கள் தெரியுமாம். நடுவில் கொஞ்ச காலம் ‘போர்ட் பிராபன்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1950-இல் பழைய பெயரே திரும்பியது. மெட்ராஸ் சென்னையாக 46 வருஷம் முன்பே இந்தச் சின்ன ஊர் அதைச் செய்துவிட்டது.

ஊர் பார்க்க அழகாக இருக்கிறதா என்று கேட்டால், வழக்கமான அழகு இல்லை. சரளைத் தெரு, தூசி, வீட்டு வாசலில் பாதி பிரித்த ஸ்னோமொபைல், படகு, கட்டிப்போட்ட நாய். தண்ணீர் லாரியில் வருகிறது, கழிவை இன்னொரு லாரி எடுத்துப்போகிறது. ஒரு மேட்டில் பழைய ரேடாரின் வெள்ளைக் குண்டுகள். 1950-களில் சோவியத் விமானங்கள் வருகிறதா என்று பார்க்க அமெரிக்காவும் கனடாவும் வடக்கு முழுக்க நட்ட வரிசையில் ஒன்று. 1970, 80-களில் கடலுக்கடியில் எண்ணெய் தேட வந்த கம்பெனிகள் போய்விட்டன. 1984-இல் அரசாங்கத்தோடு நில உரிமை ஒப்பந்தம் போட்டவர்கள் மட்டும் இங்கேயே இருக்கிறார்கள்.

கரையோரம் அம்பாரமாக மரக்கட்டைகள். மரமே இல்லாத ஊரில் இத்தனை மரமா என்றால், எல்லாம் மெக்கன்சி ஆறு தெற்கில் இருந்து அடித்துக்கொண்டு வந்தது. நேற்று எனக்கு வேண்டியிருந்த பலகை மொத்தமும் இங்கே கிடந்தது.

நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டிக்கு எழுபது வயது இருக்கும். பின்பக்கத்துப் புகைக்கூண்டில் மீன் தொங்குகிறது. வொயிட்ஃபிஷ். வாலை மட்டும் விட்டு இரண்டாகப் பிளந்து, சதையில் விரல் அகலத்துக்குக் குறுக்குக் கீறல் போட்டு, கழியில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார். கீழே ஈரமான கரை மரம் மெல்லப் புகைகிறது. கருவாட்டு நாட்டுக்காரன் செல்வம் பக்கத்தில் போய் மோந்து பார்த்துவிட்டு, “உப்பு போடலயா?” என்றான். மொழிபெயர்த்தேன். பாட்டி சிரித்தார். “எதுக்கு உப்பு? காற்று இருக்கு, புகை இருக்கு.” நம் வெயிலில் உப்பு இல்லாமல் மீனைத் தொங்கவிட்டால் சாயங்காலம் புழுதான். இங்கே குளிரே பாதி உப்பு.

சாயங்காலம் செல்வம் ஊருக்கு வந்த காரியத்துக்குப் போனோம். டக்கின் ஐஸ் ஹவுஸ். 1963-இல் உறைந்த மண்ணைக் குடைந்து சுமார் 9 மீட்டர் ஆழத்தில் செய்தது. செங்குத்தாக ஏணி, கீழே மூன்று நடைவழி, 19 அறைகள். ஊர்க் குடும்பங்கள் மீனும் இறைச்சியும் திமிங்கிலக் கொழுப்பும் வைக்கும் இடம். கரன்ட் பில் இல்லாத குளிர்சாதனக் கிடங்கு.

பார்க்கக் கிடைத்தது ஒரு மரக் கொட்டகையும் பூட்டும்தான். பாதுகாப்புக் காரணத்தால் வெளியாட்களை இறக்குவதில்லையாம். தூத்துக்குடியில் இருந்து வந்திருக்கிறான், ஐஸ் கம்பெனிக்காரன் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார், பூட்டு அசையவில்லை. செல்வம் கொட்டகையைச் சுற்றி வந்தான், கதவிடுக்கில் கையை வைத்தான். “அம்மோனியா வாசனையே இல்ல அத்தான்” என்றான். கோயில் நடை சாத்தியபின் வந்தவன் குரல்.

ஐந்தாம் நாள், ஜூலை 14, டக்டோயாக்டக்

மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை. படகு போகாது.

பாட்டி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து நாலு தடவை டீ குடித்தோம். இங்கே ஜூலை என்றால் பெலுகா. வெள்ளைத் திமிங்கிலம் டெல்டாவின் ஆழமில்லாத வெதுவெதுப்பான தண்ணீருக்கு வரும் மாதம். குடும்பம் குடும்பமாகக் கரை முகாமுக்குப் போய் வேட்டையாடி, அங்கேயே அறுத்து, தோலும் கொழுப்பும் சேர்ந்த முக்டுக்கைக் காயவைத்து வேகவைத்து எண்ணெயில் போட்டு வைக்கிறார்கள். குளிர்காலத்துக்கான சேமிப்பு. ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார். வெளியே கணவாய் போல ரப்பராக, உள்ளே மென்மையாக, கடைசியில் வாய் முழுக்க எண்ணெய். எனக்கு ஒரு துண்டு போதும். செல்வம் மூன்று சாப்பிட்டு, மிளகாய்த் தூள் இருந்தால் நன்றாக இருக்கும் என்றான். வேட்டையைப் பற்றித் தூரத்தில் இருந்து நியாயம் பேசுகிறவர்கள் இந்த ஊர்க் கடையில் ஒரு பொட்டலம் திராட்சையின் விலையைப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

சுவரில் கலைமான் மந்தைப் படம் இருந்தது. அதன் கதை பெரிய கதை. காரிபூ குறைந்துபோன காலத்தில் கனடா அரசாங்கம் அலாஸ்காவில் மூவாயிரம் கலைமான்களை விலைக்கு வாங்கியது. ஆண்டி பார் என்ற, வட ஐரோப்பாவின் சாமி இனத்து மேய்ப்பர் 1929 கடைசியில் ஓட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டு வருஷத்தில் வந்துவிடலாம் என்று கணக்கு. வந்து சேர்ந்தது 1935 மார்ச். சேர்ந்த இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பெரும்பாலானவை வழியில் பிறந்தவை. அந்த மந்தையின் வழித்தோன்றல்கள் இன்னும் இந்தப் பக்கம் மேய்கின்றன. எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

ஆறாம் நாள், ஜூலை 15, பிங்கோ

காலையில் பனி விலகிவிட்டது. ஊருக்கு மேற்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளி, தட்டையான நிலத்தில் திடீரென்று இரண்டு மலை. ஒன்று உச்சி இடிந்தது, இன்னொன்று எரிமலைப் படம் மாதிரி கூம்பு. மலைத்தொடர் இல்லை, பாறை இல்லை, சம்பந்தமே இல்லாமல் நிற்கின்றன. இவைதான் பிங்கோ. இந்த வட்டாரத்தில் சுமார் 1,350 இருக்கின்றன. பெரியது இப்யுக், 49 மீட்டர், உலகத்திலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. 1984-இல் இருந்து பாதுகாக்கப்பட்ட இடம்.

படகுக்காரர் ஐம்பது வயசுக்காரர், மூன்று நாள் முன்பு டயர் மாற்றித் தந்தவரின் சித்தப்பா மகன். அந்தக் காலத்தில் கடலில் இருந்து திரும்பும்போது பிங்கோவை வைத்துத்தான் வழி கண்டுபிடிப்பார்களாம். மேலே ஏறி காரிபூ வருகிறதா, திமிங்கிலம் வருகிறதா என்று பார்ப்பார்களாம். நாங்கள் ஏறவில்லை. கால் பட்டு மேலே உள்ள புல் கிழிந்தால் உள்ளே இருப்பதற்கு ஆபத்து. உள்ளே இருப்பது ஐஸ்.

பலகைப் பாதையில் நின்று செல்வத்துக்கு விளக்கத் தொடங்கினேன். முன்னொரு காலத்தில் இங்கே ஒரு ஏரி இருந்தது. ஏரிக்கு அடியில் உள்ள மண் மட்டும் உறையாமல் இருக்கும், ஏனென்றால் மேலே தண்ணீர். ஏரி வடிந்து போனது. உடனே குளிர் நாலா பக்கமும் இருந்து உள்ளே வர ஆரம்பித்தது, மேலிருந்தும், பக்கத்தில் இருந்தும். நடுவில் உள்ள ஈர மணலில் இருந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. அதனால்...

“நிப்பாட்டுங்க அத்தான்” என்றான். “ஐஸ் கேன்.”

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஐஸ் கம்பெனியில் தகரக் கேனில் தண்ணீரை ஊற்றி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். குளிர் வெளியில் இருந்து உள்ளே போகும். ஓரம் முதலில் உறையும். நடுவில் உள்ள தண்ணீர் கடைசி. அது உறையும்போது ஊதும், பக்கத்தில் எல்லாம் ஏற்கெனவே இறுகிவிட்டதால் மேலே மட்டும்தான் போக முடியும். “பாரை எடுத்துப் பாத்தீங்கன்னா நடுவுல மேல புடைச்சுக்கிட்டு நிக்கும்லா? சின்னப் பிள்ளையில அந்தப் புடைப்பைத்தான் உடைச்சுத் தின்போம்.”

அதேதான். தூத்துக்குடியில் ஒரு விரல் உயரம், இங்கே 49 மீட்டர். அங்கே ஒரு ராத்திரி வேலை, இப்யுக்குக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல். இன்னும் முடியவில்லை, ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் போல வளர்ந்துகொண்டிருக்கிறதாம்.

ராஸ் மக்கே என்ற கனடாப் புவியியலாளர் பல பத்தாண்டுகள் இந்தப் பிங்கோக்களை அளந்துகொண்டே இருந்தார். 1978-இல் பக்கத்துத் தீவில் ஒரு ஏரிக்கு வாய்க்கால் வெட்டி வேண்டுமென்றே வடியவிட்டார். அடியில் மண் எப்படிப் புதிதாக உறைகிறது என்று முதல் நாளில் இருந்து பார்க்க வேண்டுமாம். தொட்டி கட்டாமல் ஏரியையே சோதனைக்கூடமாக்கிய ஆள். செல்வத்தின் அப்பாவை அவருக்கு அறிமுகம் செய்திருக்கலாம் என்று தோன்றியது.

திரும்பும் வழியில் படகுக்காரர் எதுவும் சொல்லாமல் ஒரு கரையோரம் திருப்பினார். எஞ்சினை அணைத்தார்.

கரை அங்கே மேசையை வெட்டினது மாதிரி செங்குத்தாக நிற்கிறது. உச்சியில் ஒரு முழம் தடிமனுக்குப் பாசியும் புல்லும், தொங்கும் கம்பளி விளிம்பு போல. அதற்குக் கீழே கொஞ்சம் பழுப்பு மண். அதற்குக் கீழே, தண்ணீர் மட்டம் வரை, ஐஸ். சுவர் முழுக்க. வெள்ளையாக இல்லை. சாம்பலும் கறுப்புமாக, மண் கோடுகள் வளைந்து வளைந்து ஓட, ஈரம் பளபளக்க. அதன் முகம் முழுவதும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு இல்லை. மழை நின்றதும் ஓட்டுக் கூரை விளிம்பு சொட்டுமே, அந்தச் சத்தம், கரை நெடுகிலும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து புல்லோடு ஒரு கட்டி தொப்பென்று விழுந்தது. அதில் பஞ்சுப் பூ இரண்டு அப்படியே நின்றது.

செல்வம் கையை நீட்டித் தொட்டான். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

“உமி போயிடுச்சு” என்றான்.

ஏழாம் நாள், ஜூலை 16, டக்டோயாக்டக்கில் இருந்து இனுவிக்

கிளம்புவதற்கு முன் ஊரின் நுனிக்குப் போனோம். ‘ஆர்க்டிக் கடல்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். செல்வம் தண்ணீரில் இறங்கிக் கணுக்கால் வரை நனைத்து, கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஏறினான்.

அந்தப் பலகைக்குப் பின்னால் கரை நெடுகப் பாறாங்கல்லும் காங்கிரீட் பலகையும் அடுக்கியிருக்கிறார்கள். முன்பு கோடை முடிவில் கடல் சீக்கிரம் உறைந்துவிடும். இப்போது தாமதமாகிறது. அதனால் இலையுதிர்காலப் புயல் வரும்போது கரையில் மோத அலை இருக்கிறது. ஒரு கர்லிங் விளையாட்டுக் கூடமே கடலுக்குள் போயிருக்கிறது. நுனியில் இருந்த சில வீடுகளைத் தூக்கி உள்ளே நகர்த்திவிட்டார்கள். இந்த ஊர் வீடுகள் காலில் நிற்பதால் நகர்த்துவது கொஞ்சம் சுலபம். துறைமுகத்துக்கு முன்னால் கேடயம் மாதிரி ஒரு தீவு நிற்கிறது. அது ஆண்டுக்குச் சுமார் இரண்டு மீட்டர் கரைகிறது. கல் கொட்டி அணை கட்டுகிறவனுக்கு அடியில் ஒரு உறுதியான தரை வேண்டும். கடல் ஐஸ் சுவரைக் கீழிருந்து குடைகிற இடத்தில் தரை எது என்று பைல் போட்டவனான எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நகர வேண்டி வந்தால் ஊர் எங்கே போகும் என்று பாட்டியிடம் கேட்டேன். “உள்ளே தள்ளி” என்று கையைக் காட்டினார். அவர் காட்டிய பக்கம் இருந்ததும் அதே தூந்திராதான்.

வழிக்கு என்று எட்டு மீன் கட்டிக் கொடுத்தார். செல்வம் பதிலுக்கு இரண்டு செட் தெர்மல் உடையையும் கொடுத்துவிட்டான். பேரனுக்குச் சரியாக இருக்குமாம். அடிப்பலகை போன பெட்டியில் மீனை வைத்துக் கட்டினோம். டயர் எதுவும் போகவில்லை.

இனுவிக்கில் அறைக்கு வந்து சேர்ந்ததும் வைஃபை கிடைத்தது. செல்வத்தின் போன் கொஞ்ச நேரம் விடாமல் கத்தியது. தூத்துக்குடியில் மறுநாள் காலை. அவன் அப்பா நாலு தகவல் அனுப்பியிருந்தார், நாலும் கம்பெனி விஷயம். ராத்திரி கரன்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் பண்ணியதில் அறுபது பார் வேஸ்ட். செல்வம் பதிலுக்கு ஒன்றும் எழுதாமல், நேற்று படகில் இருந்து எடுத்த ஐஸ் சுவரின் படத்தை மட்டும் அனுப்பினான்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “இது யாரு கம்பெனி?”